மகாதேவியக்கா கடைக்கு வந்த நாய்

புருசனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுகிழமை நிவேதனா திரும்ப வேலைக்குப் போனபோது கடையின் முன்பக்கமாகப் போகவில்லை. பின்வேலியைச் சுற்றிப் போய், குசினிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றுகொண்டாள். விடிகிற நேரம். கடை திறக்கிற நேரம். புருசனைப் பறிகொடுத்தவளின் முகத்தில் முழித்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. பிறந்த நாள் தொட்டுக் காதில் விழுந்து வருகிற விஷயம் அது. வெளிச்சம் வந்து, நாலு பேர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு உள்ளே போகலாம் என்று இருந்தாள்.

கடைக்கார மகாதேவியக்கா குசினிக் கதவைத் திறந்தார். தொட்டியடியில் நின்றவளைக் கண்டார். ஏன் அங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. உள்ளே போய் நெருப்புப் பெட்டியை எடுத்துவந்து அவளுடைய கைக்குள் வைத்தார்.

"அடுப்பை மூட்டு பிள்ளை. நான் மாவைப் பார்க்கிறன்."

அந்தக் கடையில் முதல் அடுப்பை மகாதேவியக்கா தன் கையால்தான் மூட்டுவார். சாம்பிராணி காட்டி, விபூதி பூசி, "வைரவப்பா" என்று சொல்லித்தான் குச்சியைத் தட்டுவார். அன்று நிவேதனா மூட்டினாள். மறுநாளும் அவள்தான் மூட்டினாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நாகலிங்கம் அண்ணை வாங்கில் இருந்தபடி குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். கடலோடி ஓய்ந்த மனிசன். விடிய முதல் தேத்தண்ணி அவருக்குத்தான்.

"என்ன மகாதேவி, விடியக்காலமை உந்தப் பிள்ளையைக் கொண்டோ அடுப்பு மூட்டுறாய்?"

"இவ்வளவு காலமும் ஆர் மூட்டினது? நான் என்ன கலியாணப் பொம்பிளையோ? தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை, ஆறப்போகுது."

மகாதேவியக்காவும் புருசன் இல்லாதவர்தான். நாகலிங்கம் அண்ணை தேத்தண்ணிப் பேணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

நிவேதனாவுக்கு அப்போது அது ஒரு உதவியாகக்கூடத் தெரியவில்லை. தெல்லிப்பழைச் சந்தியில் டிப்பர் லொறி தட்டிப் புருசன் போன நாளிலிருந்து அவளுக்குள் ஒன்றும் ஓடுவதில்லை. நெடுநேரம் சப்பாணி கட்டி இருந்தால் கால் விறைத்துப்போகும், நுள்ளினாலும் தெரியாது. அவளுடைய சீவன் முழுக்க அப்படித்தான் இருந்தது. மூட்டு என்றால் மூட்டினாள். அரை என்றால் அரைத்தாள். யாராவது சிரித்தால் சிரிக்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மகாதேவியக்கா காங்கேசன்துறையில் பிறந்தவர். தகப்பன், பாட்டன் எல்லாரும் கடலோடிகள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு ஊரே எழும்பிப் போனது. மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பிறகு ஒரு முகாம், பிறகு யாரோ ஒருவரின் வளவில் ஒரு கொட்டில். முகாமில் இருக்கும்போதே புருசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மூத்த மகள் தன் சின்னம்மாவோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவள், அங்கேயே கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டாள். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை விட்டபோது மகாதேவியக்கா கடைசி மகன் கஜீபனோடு திரும்பி வந்தார். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. பற்றையை வெட்டிக்கொண்டு போனால், பூவரசின் கீழ் ஒரு சூலம் மட்டும் நின்றது. வளவைக் காக்கிற வைரவர். கூரையும் சுவரும் போக, அந்த இரும்புச் சூலம் துருப்பிடித்து நிமிர்ந்தபடி நின்றது. மகாதேவியக்கா அதற்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகுதான் கொட்டிலுக்குக் கப்பு நட்டார்.

துறைமுகத்துக்குப் போகிற வீதிக்கரையில் தகரம் போட்டு, நாலு மேசையும் வாங்கும் வைத்து, சைவக் கடை ஒன்று தொடங்கினார். இடியப்பம், சொதி, தோசை, வடை, தேத்தண்ணி. மச்சம் மாமிசம் கிடையாது. கடலோடியின் மகள் சைவக் கடை நடத்துகிறாளாம் என்று சிலர் பகிடி பண்ணினார்கள். "மீனைத் திண்டுதானே இவ்வளவும் பட்டனாங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் மாவைக் குழைப்பார்.

கஜீபன் இருந்தபாட்டில் வெளிநாடு போகப் போகிறேன் என்று நின்றான். ஏஜென்சிக்காரன் ரஸ்யாவுக்கு ஏற்றினான். வைகாசியில் ஒருநாள் போன் வந்தது. "அம்மா, நாளைக்கு விடிய ஒரு காட்டாலை நடக்கப்போறம். எல்லைக்கு அங்காலை போன உடனை எடுக்கிறன். அழாதையுங்கோ." அவர் அழவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்டார். அதற்குள் போன் நின்றுவிட்டது.

பிறகு ஒரு கதையும் இல்லை. ஆனி போனது. ஏஜென்சிக்காரனின் போனும் வேலை செய்யவில்லை. கூடப்போன பொடியன் ஒருவனின் தாய் மானிப்பாயில் இருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. மகாதேவியக்கா தலைவிரி கோலமாகத் திரியவில்லை, யாரிடமும் போய்ப் புலம்பவில்லை. போனை மட்டும் மாவுச் சுளகுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கை காய்ந்திருக்க வேண்டுமென்று அடிக்கடி சீலையில் துடைப்பார்.

ஆடி பிறந்து ஒரு திங்கள் பின்னேரம், சூலத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தார். பக்கத்தில் திரியும் எண்ணெய்யும் வைத்துக்கொண்டு நிவேதனா நின்றாள்.

"என்ரை பிள்ளையின்ரை குரல் கேட்கும் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி உனக்கு வடைமாலை போடுறன். அவன் போற வழியிலை நீ காவல் நில்லு வைரவப்பா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

முதல் வடைமாலை ஆடி அமாவாசை கழிந்த வெள்ளி. உழுந்து வடையைச் சுட்டு, வாழைநாரில் கோத்து, சூலத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார். பூவரச நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. மருந்துக்கும் வெள்ளை இல்லாத முழுக் கறுப்பு.

"வந்திட்டியளோ?" என்றார் மகாதேவியக்கா.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"வெய்யில் ஏறப்போகுது. உள்ளுக்கை வாங்கோ."

நாய் எழும்பி வந்தது. குசினி வாசலில், "இருங்கோ" என்றார். பின்காலை மடித்துக்கொண்டு இருந்தது. வடை ஒன்றைப் பிய்த்து நீட்டினார். பல் படாமல் வாங்கித் தின்றது.

"பார்த்தியே பிள்ளை? சொன்னது விளங்குது. உது தெருநாயோ? வைரவருக்குச் சொல்லி ஒரு கிழமை ஆகேல்லை, வாகனத்தை அனுப்பிப்போட்டார்."

"ஓம் அக்கா" என்றாள் நிவேதனா.

மயிர் மினுங்கியதும், விலா எலும்பு தெரியாததும் அவளுடைய கண்ணிலும் பட்டன. மழை பெய்வது கண்ணில் படுவதுபோலப் பட்டன. அதைப் பற்றி நினைக்க அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து நாய் கடைக்குள்தான். குசினிக்கும் முன்கடைக்கும் நடுவில் உள்ள மேசைக்குக் கீழே அதற்கு ஒரு சாக்கு. தாச்சியில் இருந்து இறங்குகிற முதல் வடை அதற்கு. மகாதேவியக்கா வைரவரை நீ என்றுதான் கூப்பிடுவார். நாயை ஒருநாளும் நீ என்றதில்லை. "கொஞ்சம் அரக்கிப் படுங்கோ, சுடுதண்ணி கொண்டு வாறன்." "வயிறு சரியில்லையோ, ஏன் விட்டிட்டியள்?" மகன் போனதற்குப் பிறகு அவர் அவ்வளவு கதைத்து நிவேதனா கேட்டதில்லை.

அந்த மாதமே நின்றுபோயிருந்த இந்தியக் கப்பலும் ஓடத் தொடங்கியது. பயணப்பெட்டிகளோடு சனம் கடைக்குள் வந்தது. நாலு மேசையும் காணாமல் வெளியில் கதிரை போட்டார்கள். பார்த்தாயா என்பதுபோல மகாதேவியக்கா நிவேதனாவைப் பார்த்தார்.

எல்லாருக்கும் நாய் பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு வருகிற தாய்மார் வாசலில் நின்று, "கடிக்குமோ?" என்று கேட்பார்கள். விரதகாரர் சிலர் உள்ளே பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்கள். கப்பலால் இறங்கிய ஒரு பெரியவர் நாயைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தன்னுடைய தோசையில் பாதியை அதற்கு வைத்தார். அவருடைய மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கதிரைக்குப் போய்விட்டார். நாகலிங்கம் அண்ணைக்கு வேறு குறை.

"முதல் வடை எனக்குத்தான் தாறனீ. இப்ப நாய் திண்ட பிறகு எனக்கு. நான் ரெண்டாம் பந்தியோ மகாதேவி?"

"நாய் எண்டு சொல்லாதையுங்கோ அண்ணை."

"அப்ப என்னெண்டு சொல்ல? மருமோன் எண்டோ?"

யாரோ ஒரு பொடியன் நாயைப் படமெடுத்து, வைரவர் கடை என்று எழுதி, போனில் ஊரெல்லாம் பரப்பிவிட்டான். அதற்குப் பிறகு நாயைப் பார்க்கவென்றே சிலர் வந்தார்கள். உதிர்ந்த மயிரைக் கூட்டுவது நிவேதனாவின் வேலை. காலையிலும் பின்னேரமும் கூட்டினாள். மாச்சட்டியை மூடி வைத்தாள். ஒருமுறை சொதிக்குள் ஒரு மயிர் கிடந்ததை அவள் கண்டு எடுத்தெறிந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்புக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் டிலக்ஷி என்று ஒரு பெண். மானிப்பாயில் பிறந்து கொழும்பில் கலியாணம் கட்டியிருக்கிறவள். கையில் பஞ்சுபோல ஒரு சின்ன வெள்ளை நாய். பின்னால் புருசன்.

"அன்ரி, எங்கடை கொக்கோவும் உள்ளுக்கை வரலாம்தானே?"

"இல்லைப் பிள்ளை. இது சைவக் கடை. நாய் உள்ளுக்கை கொண்டுவரப்படாது."

டிலக்ஷி மேசைக்குக் கீழே பார்த்தாள். கடை முழுக்க மேசைக்குக் கீழே பார்த்தது.

"அப்ப அது?"

"அவர் நாய் இல்லை."

"காலும் வாலும் இருக்கெண்டு ஏமாறாதை மோளே," என்றார் நாகலிங்கம் அண்ணை. "அவர்தான் இந்தக் கடையின்ரை பெரியாள். நாங்களெல்லாம் அவருக்குப் பிறகு."

சனம் சிரித்தது. டிலக்ஷியின் முகம் சிவந்துபோனது. "உங்கடை எண்டால் சாமி, எங்கடை எண்டால் நாயோ? நான் இவனை ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டுறனான், ஊசி எல்லாம் போட்டிருக்கு. உதுக்கு ஊசி போட்டனீங்களோ?"

மகாதேவியக்கா மாவுக் கையைச் சீலையில் துடைத்தார். வைரவரின் வாகனத்துக்கு விசர்நாய் ஊசி போடுவது பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த இடைவெளியில் டிலக்ஷி வந்து வாங்கில் இருந்துவிட்டாள். கொக்கோ மடியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு குரல் குரைத்தது. கறுப்பு நாய் எழும்பியது. பிறகு நடந்தது எல்லாம் ஒரே சத்தம். வாங்கு சரிந்தது. சொதிச் சட்டி நாகலிங்கம் அண்ணையின் சாரத்தில் கவிழ்ந்தது. பக்கத்து மேசைப் பிள்ளை ஒன்று வீரிட்டுக் கத்தியது. டிலக்ஷியின் புருசன் கொக்கோவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். யாருக்கும் கடி இல்லை. நல்ல காலம். ஆனால் காரில் ஏறும்போதே டிலக்ஷி போனைக் காதில் வைத்தாள்.

புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பி.எச்.ஐ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஜெயதீபன் என்று பெயர், இளம் பொடியன், நெற்றியில் விபூதி. கிணற்றைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், நல்லாயிருக்கிறது என்றார். பிறகு மேசையடியில் குந்தி நாயைப் பார்த்தார்.

"அம்மா, இதை உள்ளுக்கை வைச்சிருக்கேலாது."

"தம்பி, உது வளர்க்கிற நாய் இல்லை. வைரவர் அனுப்பினது. நான் கூப்பிடேல்லை, அவராத்தான் வந்தவர்."

ஜெயதீபன் சிரிக்கவில்லை. செருப்பை ஏற்கெனவே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். கதிரையை இழுத்துப்போட்டு மகாதேவியக்காவுக்கு முன்னால் இருந்தார்.

"நானும் வைரவர் கோயிலடியிலை வளர்ந்தனான் அம்மா. கோபிக்காமல் ஒண்டு சொல்லுங்கோ. உங்கடை வளவிலை சூலம் எங்கை நிக்குது?"

"பூவரசடியிலை."

"உள்ளுக்கையோ, வெளியிலையோ?"

"வெளியிலைதான்."

"எந்தக் கோயிலிலை வைரவர் உள்ளுக்கை இருக்கிறார்? வாசலிலை நிப்பார். இரவிலை கோயிலைப் பூட்டின பிறகு திறப்பும் அவரிட்டைத்தான். காவல்காரன் அம்மா அவர். நீங்கள் காவல்காரனைக் கொண்டுவந்து குசினி வாசலிலை படுக்க வைச்சு வடை குடுத்துக்கொண்டிருக்கிறியள். அப்ப வாசலை ஆர் பார்க்கிறது?"

மகாதேவியக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வெளியிலை வைச்சு ஊசி போட்டு வளருங்கோ. சாப்பாட்டுக் கடைக்குள்ளை வேண்டாம். குழந்தையள் வருகுதுகள். நான் வாற கிழமை வருவன். அப்பவும் உள்ளுக்கை கிடந்தால் கடையைப் பூட்டச் சொல்லத்தான் வேணும். எனக்கு வேறை வழியில்லை."

தேத்தண்ணிக்குக் காசை வைத்துவிட்டுப் போனார். வேண்டாமென்று சொல்லவும் மகாதேவியக்காவுக்கு நினைவு வரவில்லை.

அன்று பின்னேரம் அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போய்ச் சூலத்தடியில் சாக்கை விரித்தார். "இஞ்சை இருங்கோ" என்றார். இருந்தது. அவர் குசினிக்குத் திரும்பி வர, அது அவருக்குப் பின்னால் வந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். நிவேதனா கயிறு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"வைரவரைக் கட்டுறதோ?" என்றார் மகாதேவியக்கா.

"அப்ப கடையைப் பூட்டப்போறியளோ அக்கா?"

நிவேதனா அதைக் கேட்டபோது, கடை பூட்டினால் தனக்கும் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் வேலை போகப்போவதுபோல இருந்தது.

மகாதேவியக்கா நிலத்தில் இருந்துவிட்டார். மடியில் போன்.

"வெளியிலை விட்டால் வீதிக்குப் போவார். போனால் போயிடுவார். பிள்ளை, நான் கேட்டது வழியிலை காவல். உடனை வந்து நிண்டார். இவர் இஞ்சை நிக்கிற மட்டும் அங்கை ஒராள் அவனோடை நிக்கிது எண்டு நான் படுக்கிறன். இவரைக் கலைச்சுப்போட்டு, அவன் அந்தக் காட்டுக்கை ஆரோடை நிக்கிறான் எண்டு நினைச்சுப் படுக்கிறது?"

அவர் அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நிவேதனா பக்கத்தில் இருந்தாள். தன் கை அவருடைய முதுகில் போய் இருப்பதை அவள் பிறகுதான் கண்டாள். நாய் இருவருக்கும் நடுவில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

பி.எச்.ஐ. சொன்ன கிழமை முடிய முதலே, செவ்வாய்க்கிழமை காலை, பழைய மோட்டார்சைக்கிளில் ஒருவர் வந்தார். தலைப்பாகை, கால்விரல்களில் காய்ந்த தோட்டத்து மண். வாசலிலேயே நின்றார்.

"நான் சோமசேகரம். பண்டத்தரிப்பு. வெங்காயம் செய்யிறனான். ஒரு விஷயமாய் வந்தனான்..."

முடிக்கவில்லை. மேசைக்குக் கீழே கிடந்தது எழும்பி, வாங்கைத் தட்டிக்கொண்டு, அவருடைய நெஞ்சுக்குப் பாய்ந்தது. அது குரைக்கவில்லை. அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. உடம்பு முழுக்க ஆடியது.

"டேய் சீசர். டேய். டேய் மடையா. எங்கையடா போனனீ?"

மனிசன் வாசலிலேயே குந்திவிட்டார். நாய் அவருடைய தலைப்பாகையை இழுத்து விழுத்தி முகமெல்லாம் நக்கியது. நாகலிங்கம் அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். மகாதேவியக்கா மாவுக் கையோடு குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய என்று கீரிமலைக்கு லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தில் வந்தாராம். நாய் பின்னால் ஏறிவிட்டதாம். இறக்கிவிட மனம் வரவில்லை. கேணியடிச் சனத்துக்குள் அது குதித்து ஓடியதை யாரும் காணவில்லை. இப்போது சுவிசில் இருக்கிற மகள் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, எங்கடை சீசர்" என்று சொன்னாளாம். குட்டியிலேயே, இரு என்றால் இருக்கவும் பல் படாமல் வாங்கித் தின்னவும் அதைப் பழக்கினவள் அவள்தானாம்.

"சாமி நாய் எண்டு எழுதியிருக்கெண்டாள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இவன் களவாக் கருவாடு தின்னிறவன் அம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு ஏனென்று விளங்கவில்லை. மகாதேவியக்காதான் கேட்டார்.

"கனக்கத் தேடினியளோ?"

"தேடாத இடமில்லை. கீரிமலைக்கு எத்தினை தரம் வந்தனான். வீதியிலை அடிபட்டுக் கிடக்கிற நாயளைக் கண்டால் இறங்கிப் பிரட்டிப் பார்க்கிறனான். மனிசி பேசிறது, ஒரு நாய்க்காக இப்பிடியோ எண்டு. செத்துப்போச்செண்டு தெரிஞ்சால் தாட்டுப்போட்டு இருப்பன். தெரியாமல் இருக்கிறதுதான்... எங்கையோ ஒரு இடத்திலை நிக்கிதோ, திண்டுதோ, ஆரும் அடிக்கினமோ எண்டு. சாப்பாடு இறங்கேல்லை அம்மா. ஆர் வைச்சிருந்தாலும் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டிருக்கலாம் எண்டுதான் நினைச்சனான். குறையாச் சொல்லேல்லை. நீங்கள் நல்லாத்தான் பார்த்திருக்கிறியள், கொழுத்துப்போய் நிக்கிறான்."

மகாதேவியக்கா கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நிவேதனாவுக்கு அந்த முகத்தைத் தெரியும். தன் வீட்டுக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் காண்கிற முகம்.

அவர் குசினிக்குள் போனார். வாழையிலையில் வடைகளைச் சுற்றிக்கொண்டு வந்து சோமசேகரத்திடம் கொடுத்தார்.

"கொண்டுபோங்கோ. எங்களுக்குத் தெரியாது, ஆரின்ரையோ எண்டு. நான் கேட்டுப் பார்த்திருக்கவேணும்."

"ஐயோ, அதுக்கென்ன அம்மா."

"இல்லை. கேட்டிருக்கவேணும்."

நாய் மோட்டார்சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியில் முன்காலைப் போட்டு ஏறியது. பழகின ஏற்றம். சோமசேகரம் திரும்பத் திரும்பக் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி திரும்பும்போது அது ஒருமுறை கடையைப் பார்த்தது. பிறகு முன்னால் பார்த்தது. மகாதேவியக்கா சாக்கை எடுத்து உதறி, வேலியில் வெய்யிலுக்குப் போட்டார். மயிரைக் கூட்டத் தும்புத்தடியை எடுத்த நிவேதனாவிடமிருந்து வாங்கி, அன்று தானே கூட்டினார்.

மறுநாள் ஜெயதீபன் வந்து, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"எங்கை அம்மா?"

"வீட்டை போயிட்டுது."

அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நான் வெளியிலை வைச்சிருங்கோ எண்டுதானே சொன்னனான்" என்றார். "உங்களாலை இல்லைத் தம்பி, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார் மகாதேவியக்கா.

வெள்ளி வந்தது. வடை சுட்டார், கோத்தார், சூலத்துக்குப் போட்டார். காகம் வந்து இழுத்தது. நேர்த்தி நேர்த்திதான், அதை அவர் விடவில்லை. ஆனால் கடையில் அவருடைய கதை குறைந்துபோனது. முதல் வடை பழையபடி நாகலிங்கம் அண்ணைக்கு வந்தது. அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வெகுநேரம் தின்னாமல் இருப்பார்.

ஒரு மாற்றம் மட்டும் நிவேதனா கண்டாள். கப்பலால் இறங்கி வருகிற சனத்திடம், வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களிடம், மகாதேவியக்கா கஜீபனின் படத்தைக் காட்டத் தொடங்கினார். முன்பு ஒருநாளும் காட்டினதில்லை. "உவனை எங்கையும் கண்டனீங்களோ?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். "சரி, சாப்பிடுங்கோ" என்பார். யாரிடமாவது அவன் நின்றால், நிற்கிறான் என்று அவர்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லத் தோன்றாமல் இருக்கலாம். அதை அவர் வாயால் சொன்னதில்லை. படத்தை மடித்துச் சேலைத்தலைப்பில் முடிகிறபோது நிவேதனா அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் தானாக நினைத்த நினைவு அது.

தை மாதம் மகள் இந்தியாவில் இருந்து போன் எடுத்தாள். கொஞ்சநாள் வந்து இருங்கோ அம்மா, இங்கேயும் கன பொடியன்கள் வந்து மாட்டுப்பட்டு நிற்கிறார்கள், விசாரிக்கலாம் என்றாள். விசாரிக்கலாம் என்ற சொல்தான் அவரை எழுப்பியது. கடையை நிவேதனாவிடம் விட்டார். வெள்ளிக்கிழமை வடைமாலையையும் போனையும் அவளிடம்தான் விட்டார். "அவனிட்டை இருக்கிறது கடை நம்பர்தான். அடிச்சால் உடனை எடு. மாக்கை எண்டாலும் எடு."

துறைமுக வாசல் வரைக்கும் நிவேதனாவும் நாகலிங்கம் அண்ணையும் போனார்கள். நாகலிங்கம் அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐம்பது வருசம் கடலிலை போனனான், ஒருத்தரும் எனக்குப் பையைத் தூக்கேல்லை" என்று முணுமுணுத்தார். மகாதேவியக்கா சிரித்தார். உள்ளே போகச் சொல்லிக் காவலில் நின்றவர் கை காட்டினார்.

அதற்குப் பிறகு நிவேதனா அவரைக் காணவில்லை. சித்திரை பிறந்த கையோடு, மகள் வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டாரென்று போன் வந்தது. மகனுடைய குரல் அதுவரைக்கும் வரவில்லை. நிவேதனா போனை வைத்துவிட்டு அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். அது கருகியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் உழுந்தையும் நனையப் போட்டாள்.

அன்று துறைமுக வாசலில் அவர் கடைசியாகச் சொன்னது பெரிய கதை ஒன்றுமில்லை. பையை வாங்கித் தோளில் போட்டார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார்.

"பிள்ளை, இனி ஏதும் நாய் வந்தால் உள்ளுக்கை விடாதை. கலைக்கவும் வேண்டாம். வாசலிலை தண்ணி வைச்சுப்போட்டு, போற வாற ஆக்களைக் கேள், ஆரின்ரை எண்டு. ஆரோ ஒராள் தேடிக்கொண்டுதான் இருக்கும்."